மூன்றாவது வாய்

ஜனவரி 8

தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. முந்தாநாள் போனில் நீ கத்திய கத்தலிலேயே உன் நுரையீரல் இரண்டும் திடமாக இருப்பது தெரிந்துவிட்டது.

போனை வைத்தது நான்தான். கோபத்தில்தான் வைத்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீயாகச் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். ஐம்பத்து நான்கு வயதுக்காரியை, உன்னைவிட நாலு வயது மூத்தவளை, "யூ ஆர் ஃபாஃபிங், அக்கா! ஜஸ்ட் ஃபாஃபிங்!" என்று திட்டுகிறாய். அதுவும் எனக்கு நிச்சயமாக அர்த்தம் தெரியாத ஒரு சொல்லால். திட்டுவதென்றால் தெரிந்த சொல்லில் திட்டு. நம் வீட்டில் அதற்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது?

இனிமேல் போன் கிடையாது. எது சொல்வதானாலும் எழுத்தில் சொல். கத்தினாலும் எழுத்தில் கத்து. காது எனக்கு இரண்டுதான் இருக்கிறது.

இப்போது விஷயம். நான் பதினோரு மாதமாக இந்த அச்சகத்தில் எந்தக் கையகராதியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேலைக்குப் போகிற நம்மவர்களுக்கானது. அங்கே போய் இறங்கியதும் காதில் விழுகிற பேச்சுச் சொற்கள் அத்தனைக்கும் தமிழ். எஃப் எழுத்தில் நிற்கிறேன். நீ திட்டிய சொல் என் சீட்டுப் பெட்டியில் இல்லை. பெரிய அகராதியைப் பார்த்தால் "தேவையற்ற காரியங்களில் நேரத்தைப் போக்குதல்" என்று ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் என்ன செய்வாள்? திட்டா, கேலியா, யாரை யார் சொல்லலாம், எதுவும் இல்லை.

என் முறை உனக்குத் தெரியும். ஒரு சொல் உள்ளே வர மூன்று வாய் வேண்டும். மூன்று பேர், நிஜமாகவே பேசிய வாக்கியம், சீட்டில் ஒட்டியாக வேண்டும். நீ இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஆஸ்பத்திரியில் அந்த மனிதர்களோடு குப்பை கொட்டுகிறாய். எழுது.

அந்தக் கண் சமாச்சாரம் பற்றிக் கேட்காதே. பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னால் திட்டப்பட்டவள்


ஜனவரி 21

அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. படிக்கத்தான் அரை நாள் ஆச்சு. எவ்ளோ தடிமனான பேனா அது, சுவத்துல விளம்பரம் எழுதுறதா? முதல் வரி நேரா போகுது, மூணாவது வரி மேல ஏறுது, ஏழாவது வரி ஆறாவது வரி மேலயே உக்காந்திருக்கு. ஸ்டாம்ப்பைத் தலைகீழா ஒட்டியிருக்கே. பள்ளிக்கூடத்துல கையெழுத்துக்குப் பரிசு வாங்கின ஆளு நீ. எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னா உனக்குக் கோவம் வரும், அதனால சொல்லல.

சரி, உன் சொல்லு. எங்க வார்டுல ஏழாம் நம்பர் பெட்ல ஒரு பெரியவர். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு ஒம்பது நாள். நடக்க வைக்கணும். தினமும் காலையில பத்து மணிக்கு நானும் தலைமை நர்ஸும் போய் நிப்போம். அவர் என்ன பண்ணுவார் தெரியுமா? ஸ்வெட்டர் பட்டனைக் கழட்டி மறுபடி போடுவார். செருப்பு வலது இடது மாறியிருக்கான்னு பார்ப்பார். மாறியிருக்காது. துண்டை நாலா மடிப்பார், பிரிப்பார், மூணா மடிப்பார். கண்ணாடியைத் துடைப்பார். "இதோ எழுந்துட்டேன், இதோ எழுந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே இருப்பார். இருபது நிமிஷம் போயிடும். அப்பத்தான் தலைமை நர்ஸ் இடுப்புல கைய வச்சுக்கிட்டுச் சொல்வாங்க: "ஸ்டாப் ஃபாஃபிங் அபௌட், மை லவ், அண்ட் ஸ்டாண்ட் அப்."

இதுதான் உன் முதல் வாய். எழுதிக்கோ. கெட்ட வார்த்தை இல்ல. பக்கத்துல இருக்குறவங்களைத்தான் சொல்லலாம், மேலதிகாரியைச் சொன்னா சீட்டு கிழியும். ஆளு சும்மா இருக்க மாட்டார், அதான் விஷயம். கை ஓடிக்கிட்டே இருக்கும். வேலை மட்டும் நடக்காது.

போன்ல உன்னை ஏன் சொன்னேன்னு இப்பப் புரியுதா? டாக்டர் கண்புரை முத்திடுச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு போன வருஷம் சொன்னார். நீ முதல்ல மழை முடியட்டும்ன. அப்புறம் டி எழுத்து முடியட்டும்ன. அப்புறம் சுண்ணாம்பு அடிச்சுட்டு வீட்டை ஒதுங்க வச்சுட்டுப் போறேன்ன. கண் ஆபரேஷனுக்கும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லு!

பின்பக்கம் கட்டம் கட்டி ஒரு பட்டியல் போட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போக வேண்டிய சாமான், மொத்தம் பத்தொம்பது. கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்து வைக்கிற டப்பாவும் தனிப் பார்சல்ல அனுப்பியிருக்கேன்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

இது தட்டச்சில் வருகிறதே என்று மிரளாதே. கை மணிக்கட்டு வலி. நான் சொல்லச் சொல்ல அடுத்த மேஜைக்காரி அடிக்கிறாள். இங்கே மெய்ப்பு பார்க்கிறவள், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. பேசும்போது பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு மீதியைச் சொல்வாள். அதனால் அச்சகம் முழுக்க அவளை அரைப்புள்ளி என்றே கூப்பிடுகிறோம். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. (உண்டு; ஆனால் யார் கேட்கிறார்கள். – தட்டச்சு செய்பவர்)

உன் ஏழாம் நம்பர் பெரியவர் பிரமாதம். ஆனால் தமிழ்தான் அகப்படவில்லை. ஒரு வாரமாக மண்டை காய்கிறது. சுணங்குதல் என்று போட்டேன். சுணங்குகிறவன் கை ஓடாது, இவர் கை ஓடுகிறது. இழுத்தடித்தல் என்று போட்டேன். அதற்கு எதிரில் ஒருவன் அலைந்துகொண்டிருக்க வேண்டும். பாவ்லா காட்டுதல் என்றால் ஏமாற்று. அந்தப் பெரியவர் யாரையும் ஏமாற்றவில்லை, துண்டை நிஜமாகவே மடிக்கிறார். மெனக்கெடுதல் கிட்டத்தட்ட வந்தது. ஆனால் மெனக்கெடுகிறவனை நாம் பாராட்டுகிறோமே! "எனக்காக இவ்வளவு மெனக்கெட்டீர்களே" என்கிறோம். நோண்டிக்கொண்டிருத்தல் என்று அரைப்புள்ளி சொன்னாள். அது பரவாயில்லை, ஆனால் அதை அச்சில் பார்த்தால் முதலாளி மூக்கைச் சுருக்குவார்.

முதலாளி மார்ச் கடைசிக்குள் எஃப் பக்கங்களை அச்சுக்குக் கட்டியாக வேண்டும் என்று காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் மாதிரி நிற்கிறார். "நீங்க ஒரு சொல்லுக்கு ஒரு மாசம் எடுத்துக்கிட்டா, இசட் வரும்போது நான் இருக்க மாட்டேன்மா" என்கிறார். இந்த நிலையில் நான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் வேறு யாரையாவது உட்கார வைத்துவிடுவார். அதனால் எஃப் முடியட்டும். முடிந்ததும் கண். வாக்கு கொடுத்தால் மாற மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

பார்சல் வந்தது. பத்தொன்பது சாமான் பட்டியலில் பதினொன்றாவது "சீப்பு". ஆபரேஷன் கண்ணுக்கா, தலைக்கா?

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

எஃப் முடியட்டுமாம்! எஃப்புக்கு அப்புறம் ஜி வராதா? உன்கிட்ட பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்கல, வயிறு எரியுது.

நீயா நாள் குறிக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால நானே குறிச்சுட்டேன். என்கூட நர்ஸிங் படிச்சவ உங்க ஊர் கண் ஆஸ்பத்திரியில சிஸ்டரா இருக்கா. அவகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு இடம் வாங்கியிருக்கேன். அந்த டாக்டருக்கு நாலு மாசம் கியூ நிக்குது. விவரமெல்லாம் பின்பக்கம், கடைசியில, கட்டம் கட்டி எழுதியிருக்கேன்.

இன்னொண்ணு. இதை மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். பொடி எழுத்துல எழுதுறேன், பெரிசா எழுதக் கை வரல.

உனக்கு இருக்குறது அந்த ஒரு கண்ணுதான். இடது கண்ணுல நிழல் மட்டும்தான் தெரியும்னு ஊருக்கே தெரியும். எப்படிப் போச்சுன்னு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வாசல் கேட்டோட கொண்டி குத்திடுச்சுன்னு நீ அம்மாகிட்ட சொன்னே. எனக்கு அஞ்சு வயசு, உனக்கு ஒம்பது. குடைக்கம்பியில வில்லு செஞ்சு அம்பு விட்டது நான். நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, நீ ஒரு நாள் கூட என்னைக் காட்டிக் கொடுக்கல, நானும் வாயைத் தொறக்கல. ஆறு வருஷமா ஊருக்கு வராம இருக்கேனே, லீவு கிடைக்கலன்னு சொன்னதெல்லாம் பொய். நீ தலையைச் சாய்ச்சு வலது கண்ணால என்னைப் பார்ப்பே பாரு, அதைப் பார்க்க முடியல. இந்தக் கண்ணும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது அக்கா. தயவு பண்ணிப் போ. இதுக்கு மட்டும் ஒரு வார்த்தை பதில் எழுது.

உன் அகராதிக்கு ரெண்டாவது வாய் வேணும்னியே, இந்தா, பெரிய எழுத்துலயே போடறேன்:

ஸ்டாப் ஃபாஃபிங், அக்கா. ஜஸ்ட் கோ!

(பின்பக்கம், இதே இடத்துல:)
மார்ச் 12, வியாழன், காலை ஏழரை மணி. மூணாவது மாடி. முந்தின ராத்திரிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது. சிஸ்டர் வாசல்லயே நிப்பா. தவற விட்டா மறுபடி நாலு மாசம்.


மார்ச் 1

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் வாக்கியத்தைக் கத்தரித்துச் சீட்டில் ஒட்டிவிட்டேன். அருமையான வாக்கியம். கோபமும் பாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டாவது வாய் நீதான் என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்று கிடைத்தால் சொல் உள்ளே வந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தச் சொல்லுக்கு என்னை உதாரணம் காட்டுகிறாயே, உன்னைக் காட்டினால் என்ன? கறுப்புக் கண்ணாடி அனுப்புகிறாய். டப்பா அனுப்புகிறாய். பட்டியல் மேல் பட்டியலாகப் போடுகிறாய். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு "எங்க அக்கா படி இறங்கும்போது பார்த்துக்கோங்க" என்கிறாயாம். அந்த மனிதர் இப்போது நான் வாசலுக்கு வந்தாலே குழந்தையைப் பிடிக்க ஓடி வருகிறவர் மாதிரி ஓடி வருகிறார். மானம் போகிறது. இத்தனையும் செய்கிற நீ, ஒரு டிக்கெட் எடுத்து வந்து நிற்க வேண்டியதுதானே? ஆறு வருஷமாக அடுத்த வருஷம் வருகிறாய்.

அரைப்புள்ளி பத்து நாள் லீவில் போய்விட்டு இன்றைக்குத்தான் வந்தாள். வேலை மலையாகக் கிடக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

வேறு விசேஷம் இல்லையா? வேறு விசேஷம் இல்லையா!

பன்னிரண்டாம் தேதி காலையில ஏழு மணியில இருந்து, என்கூடப் படிச்ச அந்த சிஸ்டர் உங்க ஊர் கண் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருக்கா. பத்து மணி வரைக்கும் உன் பெட் காலியா கிடந்திருக்கு. டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "இனிமே தெரிஞ்சவங்க சொந்தக்காரங்கன்னு என்கிட்ட வராதீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் கத்தியிருக்கார். அவ எனக்குப் போன் பண்ணி, "உங்க அக்காவுக்கு வர இஷ்டமில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே, வேற ஒருத்தராவது பார்வை வாங்கிட்டுப் போயிருப்பாங்க"ன்னா. நான் என்ன சொல்ல? எங்க அக்கா அகராதி போடறான்னா?

சரி, தேதியை விடு. அதுகூடப் பயம்னு வச்சுக்கலாம். அந்த லெட்டர்ல நான் என்னத்த எழுதியிருந்தேன்? நாப்பத்தஞ்சு வருஷமா தொண்டையில நின்னதை எழுதியிருந்தேன். ஒரு வார்த்தை பதில் போடுன்னு கேட்டிருந்தேன். நீ என்ன பண்ணினே? கத்தரிக்கோல் எடுத்து உனக்கு வேணும்கிறதை மட்டும் வெட்டி ஒட்டிக்கிட்டு, "அருமையான வாக்கியம்"னு மார்க் போட்டு அனுப்பினே. போஸ்ட்ல வந்த அன்னைக்கு வார்டு ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுதேன். அம்பது வயசு ஆளு, பெட்ஷீட் அடுக்குக்கு நடுவுல.

கோவம்னா கோவம்னு எழுது. மன்னிக்க மாட்டேன்னா மன்னிக்க மாட்டேன்னு எழுது. படிக்காத மாதிரி நடிக்காதே. உன் எஃப்பை நீயே கட்டிக்கிட்டு அழு. இனிமே நான் எழுத மாட்டேன்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

எழுத மாட்டேன் என்றாய். எழுதாதே. ஆனால் இதைப் படி.

உன் கடிதத்தை அரைப்புள்ளி எனக்கு வாசித்தாள். பாதியில் நிறுத்தி, "மீதியும் வாசிக்கணுமா" என்று கேட்டாள். வாசி என்றேன். உன் வசவுகளை அவள் பாதியாகக் குறைத்துத்தான் வாசிக்கிறாள் என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். (பாதியல்ல, கால்வாசி. – தட்டச்சு செய்பவர்)

ஆமாம், அவள்தான் வாசிக்கிறாள். ஜனவரிக் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள். மணிக்கட்டு வலி எதுவும் கிடையாது. டிசம்பரிலிருந்து எனக்கு எழுத்து தெரிவதில்லை. பூதக்கண்ணாடி வைத்தால் தலைப்பு எழுத்து தெரியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான். எஃப் பக்கங்கள் முழுவதும் அவள் வாசிக்க நான் கேட்டுத் திருத்தியவை. முதலாளிக்குத் தெரியாது.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்தபோது அவள் லீவில் இருந்தாள். வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி தெரிந்தது. நம் சொல்! சந்தோஷத்தில் அந்தத் துண்டை அப்படியே கத்தரித்து, பின்னால் பசை தடவி, சீட்டில் ஒட்டினேன். பின்பக்கம் ஏதோ கட்டம் இருப்பது தெரியத்தான் செய்தது. வழக்கம்போல உன் சாமான் பட்டியல் என்று நினைத்துவிட்டேன். சீப்பு, துண்டு, சோப்பு. மீதித் தாளில் இருப்பதும் வழக்கமான திட்டுதான் என்று, அரைப்புள்ளி திரும்பி வந்த பிறகும் வேலை மலைக்கு நடுவில் அதை வாசிக்கச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைக் கேட்ட பிறகு அந்தச் சீட்டைத் தேடி எடுத்தோம். அரைப்புள்ளி கெட்டில் ஆவியில் காட்டிப் பதமாக உரித்தாள். மார்ச் 12, வியாழன், காலை ஏழரை. என் ஆபரேஷன் தேதிக்கு நானே பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் சீட்டு ஒட்டியிருப்பேன், ஒரு தடவைகூடப் பின்பக்கம் பார்க்காமல் ஒட்டியதில்லை. உன் சிநேகிதி மூன்று மணி நேரம் வாசலில் நின்றதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? நேற்று நேரில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட்டிப் போனார். முதலில் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சீட்டை உரித்த கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். யாரோ வர முடியாமல் போனதால் ஏப்ரல் 24 காலியாம். எழுதிக்கொண்டாள். டாக்டர் முகத்தை எட்டு முழத்துக்கு நீட்டினாலும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மீதித் தாளையும் எடுத்து வாசிக்கச் சொன்னேன். அரைப்புள்ளி இரண்டு வரி மனதுக்குள் வாசித்தாள். பிறகு மடித்து உறையில் போட்டுவிட்டாள். "இது உங்களுக்கு எழுதினது, நீங்களே படிக்க வேண்டியது" என்றாள். கெஞ்சினேன், அதட்டினேன். அசையவில்லை. பிடிவாதக்காரி. அந்த உறை இப்போது என் தலையணைக்கடியில் இருக்கிறது. நீ தொண்டையில் நின்றது என்கிறாயே, அது என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கண் வேண்டும்.

பயந்துதான் போனேன், தம்பி. எழுதிவிடுகிறேன். மற்றவர்களுக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. எனக்கு ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. மங்கலாகவாவது ஒளி தெரிகிறதே, இதைக் கொண்டுபோய்க் கத்தியின் கீழ் வைக்கவா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நினைத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

எழுத மாட்டேன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான். இது லெட்டர் இல்ல, தகவல்.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் வந்து இறங்குறேன். டிக்கெட் எடுத்தாச்சு. லீவு ஃபாரம் போன நவம்பர்லயே எழுதி வச்சேன். அப்புறம் தேதியை மாத்தினேன். அப்புறம் உனக்கு என்ன வாங்கிட்டு வரலாம்னு யோசிச்சேன். அப்புறம் பெட்டி சரியில்லன்னு புதுப் பெட்டி பார்த்தேன். அஞ்சு மாசமா அந்த ஃபாரம் டிராயர்ல கிடந்துச்சு. நேத்துதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமை நர்ஸ் தேதியைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க. என்ன வார்த்தைன்னு உனக்கே தெரியும். ஆனா அவங்க வாயை ஏற்கெனவே கணக்குல எடுத்துட்டோம்.

அந்த உறையைப் பத்திரமா வை. வாசிக்கச் சொல்லி யாரையும் தொந்தரவு பண்ணாதே. நானும் நேர்ல வந்தா சொல்ல மாட்டேன். என்னால முடியாது.

வீட்டுல சீப்பு இருக்கா?

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார். ஒரு வரி இன்னொரு வரி மேல் ஏறவில்லை. புதுக் கண்ணாடி நேற்று வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் படிக்கச் சொல்லிக் கொடுத்த அட்டையில் கடைசி வரியில் ஓர் எழுத்து பாதி அழிந்திருந்தது. அதை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ வந்து இருந்த பதினெட்டு நாளும் என்னைப் படுத்தியெடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. சொட்டு மருந்துக்கு அலாரம், அந்த அலாரத்தை ஞாபகப்படுத்த இன்னோர் அலாரம். நான் குனிந்தால் "குனியாதே", தும்மினால் "தும்மாதே". தும்மலை என்ன செய்வது, விழுங்குவதா? நீ கிளம்பிய மறுநாள்தான் வீட்டில் மூச்சு விட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே வீடு பிடிக்காமல் போய்விட்டது, அது வேறு.

பேசாத விஷயத்தை நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று வீட்டுக்கு வந்து, கை கழுவி, கதவைச் சாத்திவிட்டு, தலையணைக்கடியிலிருந்து உறையை எடுத்தேன். புதுக் கண்ணாடியில் நான் படித்த முதல் தாள் அது. பொடி எழுத்து. ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

மடையா. நாற்பத்தைந்து வருஷமா இதைச் சுமந்தாய்?

உனக்கு அப்போது ஐந்து வயது. அதனால் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். வில் உன் யோசனை இல்லை, என் யோசனை. தலையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றது நான். நீ விட மாட்டேன் என்றாய். நாணை இறுக்கினாய், தளர்த்தினாய். கம்பியை டிரவுசரில் துடைத்தாய். ஓரடி முன்னால் வந்தாய், பின்னால் போனாய். "இரு அக்கா, இரு அக்கா, இன்னும் சரியா இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உனக்குப் பயம். விடாமலிருக்க என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தாய். எனக்குக் கால் வலித்தது, தீப்பெட்டி நழுவியது. "எவ்ளோ நேரம்டா நோண்டிக்கிட்டே இருப்பே? விட்டுத் தொலைடா!" என்று கத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு விட்டாய்.

வாசல் கேட்டின் கொண்டி என்று அம்மாவிடம் சொன்னது உன்னைக் காப்பாற்ற என்று நினைத்தாயா? என்னைக் காப்பாற்ற. ஒன்பது வயசுக் கழுதை ஐந்து வயசுப் பிள்ளையிடம் குடைக்கம்பியைக் கொடுத்தாளா என்று தோலை உரித்திருப்பார்கள். உன்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அகராதி போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். நீ ஊருக்கு வராத ஆறு வருஷமும் என்னால்தான். மன்னித்துவிடு. நீ கேட்ட ஒரு வார்த்தை பதில் இதுதான், கொஞ்சம் நீண்டுவிட்டது.

மார்ச்சில் கட்டிய எஃப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தேன்; சொல் உள்ளே வந்துவிட்டது. மூன்றாவது சீட்டில், வாக்கியம் தமிழில் இருந்தாலும் பரவாயில்லை என்று, நான் அன்றைக்குக் கத்தியதை எழுதி ஒட்டினேன். வாய்: தொகுப்பாசிரியர், வயது ஒன்பது. பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன். அரைப்புள்ளி சொன்ன நோண்டிக்கொண்டிருத்தல்தான் அச்சேறுகிறது; முதலாளி மூக்கைச் சுருக்கிவிட்டுப் போகட்டும். அவரிடம் கண் விஷயத்தையும் சொன்னேன். "தெரியும்மா, பிப்ரவரியில நீங்க என்னைத் தண்ணி கேன் போடுறவர்னு நினைச்சு 'அங்கே வை'ன்னீங்க" என்றார். தெரிந்தே விட்டிருக்கிறார்.

பொருள் எழுதும்போது "பயத்தினால்" என்று ஒரு சொல் சேர்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். அந்தப் பயம் ஆங்கிலச் சொல்லில் இல்லை. நம் வீட்டில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எடுக்கிறேன். கத்து, பரவாயில்லை.

அக்கா